நிமிரும்போது ஒரு முனகல்

வழக்கம்போல அன்றும் காரை ஒரு தெரு தள்ளித்தான் நிறுத்தினார் பாம்புக்காது.

"ஏன் அத்தான், இன்னும் கொஞ்சம் தள்ளி அடுத்த ஊர்லயே நிறுத்தியிருக்கலாமே? நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு டாக்டருங்க சொல்றாங்க," என்றாள் வாலு.

"உடம்புக்கு இல்ல, தொழிலுக்கு நல்லது. துப்பறியறவன் வர்றது யாருக்கும் தெரியக் கூடாது," என்றார் அவர், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

பொய். வடிகட்டின பொய். மனுஷனுக்குத் தன் காரைப் பார்த்து வெட்கம், அவ்வளவுதான் விஷயம். கேஸ் கொடுத்தவர் வீட்டு வாசலில் அந்த வண்டி போய் நின்றால், உள்ளே இருப்பவர்கள் துப்பறிவாளர் வந்திருக்கிறார் என்று நினைக்க மாட்டார்கள். பழைய இரும்பு எடுக்க ஆள் வந்திருக்கிறது என்று பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒருமுறை அப்படி நடந்தேவிட்டது. ஓட்டைக் குண்டான் ஒன்றை நீட்டிய அந்த அம்மாளின் முகம் இன்னும் அவர் தூக்கத்தில் வரும்.

அந்தக் காரில் சத்தம் போடாதது ஹாரன் ஒன்றுதான். பள்ளத்தில் இறங்கினால் கதவு கிடுகிடுக்கும். பிரேக் போட்டால் கீச்சென்று கத்தும். டிக்கிக்குள் கட்டாமல் கிடக்கும் ஜாக்கி இடம் மாறினால் 'டொம்' என்று முதுகில் குத்தும். இதையெல்லாம் கேட்டுக் கேட்டுக் கூசிப்போன அவர், ஏறி உட்கார்ந்ததும் நாலு கண்ணாடியையும் ஏற்றிவிடுவார், ரேடியோவை அலறவிடுவார். தன் காரின் சத்தத்தை அவர் ஒழுங்காகக் கேட்டே வருஷக்கணக்காகியிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊரில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே காதுதான். தொலைபேசியில் விழுந்த ஒரு தும்மலை வைத்து நகைக்கடைத் திருடனைப் பிடித்தவர் அவர். அன்றிலிருந்து அவருக்குப் பாம்புக்காது என்றே பெயர். கூடவே திரியும் வாலு அவருடைய மைத்துனி, மனைவியின் தங்கை. படித்த படிப்புக்கு வேலை கிடைக்கும் வரை அத்தானுக்கு உதவி என்று வந்தவள், வேலை கிடைத்த பிறகும் போகவில்லை. "ஆபீஸ்ல இவ்வளவு சிரிப்பு கிடைக்காது," என்பாள்.

இருவரும் தையல்காரம்மாவின் வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

வீடு என்றால் ஒரே அறை. முன்பாதி கடை, பின்பாதி குடித்தனம். ஜன்னலோரம் காலால் மிதிக்கும் தையல் மிஷின், அதன்மேல் பாதி தைத்த பள்ளிச் சீருடைகள். அந்த மிஷினை மிதிக்க வேண்டிய வலது கால் மாவுக்கட்டுக்குள் ஒரு முக்காலியின்மேல் நீட்டிக் கிடந்தது. தையல்காரம்மா சும்மா இருக்கப் பிடிக்காமல் கையால் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் ஒரு மழை மாலையில், தெருமுனையில் குடையும் துணிமூட்டையுமாக நின்ற அந்த அம்மாளை ஒரு கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்ததால் வண்டியின் நிறம்கூட அவருக்குத் தெரியவில்லை. காதில் விழுந்தது மட்டும்தான் மிச்சம். முனையில் திரும்பும்போது அந்த வண்டி 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம் போட்டதாம்.

சத்தம் என்றால் பாம்புக்காதைத் தவிர யாரைக் கூப்பிடுவது? தையல்காரம்மாவின் தம்பிதான் ஓடிவந்து கூப்பிட்டார். பாம்புக்காது ஊரில் அதிகம் வண்டி கூடும் டாக்ஸி ஸ்டாண்டின் வாசலில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி உள்ளே நுழைந்தன. ஒரு வண்டி 'டக் டக் டக்' என்றது. கண்ணைத் திறந்து விரலை நீட்டினார். நேற்று போலீஸ் வந்து அந்த டாக்ஸிக்காரரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

"அண்ணே, நீங்க மனுஷனே இல்ல, தெய்வம்!" தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஆளு என் கையில கிடைச்சிருந்தா நடக்கிறதே வேற."

பாம்புக்காது அடக்கமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர் கண்ணாடி முன்னால் பழகி வைத்திருப்பது வாலுவுக்கு மட்டும் தெரியும்.

"ஒண்ணு கேக்கணும்," என்றார் தையல்காரம்மா, ஊசியை எடுக்காமலே. "அந்த டாக்ஸி முனகுச்சா?"

"என்னம்மா?"

"அன்னைக்கே சொன்னேனே. ஊசி வளைஞ்சு தட்டுல இடிச்சா மிஷின் எப்படிக் கேக்கும், அப்படி டக் டக்குன்னு கேட்டுச்சு. அது நின்னதும், வண்டி நிமிர்ந்து போறப்போ, 'ம்ம்ம்'னு ஒரு முனகல். யாருக்கோ வலிக்கிற மாதிரி."

பாம்புக்காது தொண்டையைச் செருமினார். டாக்ஸி முனகவில்லைதான். ஆனால் வேட்டை முடிந்த பிறகு ஒரு முனகலுக்காக யார் திரும்பிப் போவார்கள்?

"அது நீங்கதான் முனகியிருப்பீங்கம்மா. கால் ஒடிஞ்ச வலி இருக்கே. நம்ம குரலே நமக்கு வெளியேருந்து வர்ற மாதிரி கேக்கும்."

"நான் முனகலீங்க. பயத்துல பல்லு கிட்டிப்போய்க் கிடந்தேன். வாயே திறக்கல."

"அந்த நேரத்துல அதெல்லாம் ஞாபகம் இருக்காதும்மா," என்றார் அவர் கனிவாக. தம்பியும் தலையை ஆட்டினார். தையல்காரம்மா பித்தானைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

வாசலில் நிழல் விழுந்தது.

"இங்க யாரு பாம்புக்காது?"

வாசற்படியில் ஒரு பெண் நின்றாள். வேலைக்குப் போகிற இடத்திலிருந்து அப்படியே கிளம்பி வந்திருப்பாள் போல, புடவையின் இடுப்பில் ஈரம் காயவில்லை. கண் சிவந்திருந்தது, அழுகையாலா கோபத்தாலா என்று சொல்ல முடியாது.

"ரெண்டு காது இருக்கு, உங்களுக்கு எந்தக் காது வேணும்..." என்று ஆரம்பித்த வாலு, அந்த முகத்தைச் சரியாகப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

"நான்தாம்மா," என்றார் அவர்.

"எம் புருஷனைத்தான் நேத்து கூட்டிட்டுப் போனாங்க. ஜீப்பு கூட இல்ல. ஸ்டாண்டுல இருந்து ஸ்டேஷன் வரைக்கும் நடத்தியே கூட்டிட்டுப் போனாங்க. கடைக்காரங்க எல்லாம் எழுந்து நின்னு பாத்தாங்க. நாங்க வழக்கமா மளிகை வாங்குற கடை, பசங்க முடி வெட்டுற கடை, ஒண்ணு பாக்கி இல்ல. லைசென்ஸை வேற பிடுங்கிடுவாங்களாம். ஓட்டறதைத் தவிர அவருக்கு என்ன தெரியும்? எல்லாம் உங்க காதை நம்பித்தானே?"

"ஏய், வெளியே போ!" என்று தம்பி எழுந்தார்.

"உட்காருடா," என்றார் தையல்காரம்மா. "அவங்க பேசட்டும்."

டாக்ஸிக்காரரின் மனைவி உள்ளே வரவில்லை. படியிலேயே நின்றாள். "அவர் வண்டி கத்தும், இல்லேன்னு சொல்லல. எங்க வீடு ஒரு சந்துக்குள்ள. சாயங்காலம் சந்துக்குள்ள இடப்பக்கமாத் திரும்புவாரு, டக் டக் டக்குன்னு கேக்கும். அது கேட்டாத்தான் நான் அடுப்பையே பத்த வைப்பேன். காலைல கிளம்புறப்போ வலப்பக்கமாத் திரும்புவாரு. அப்போ ஒரு சத்தம் வராது. தூங்குற பிள்ளைகூட அசையாது. இடப்பக்கம் மட்டும்தான் கத்தும் அந்த வண்டி. உங்களை இடிச்ச வண்டி எந்தப் பக்கம் திரும்புச்சு?"

கேள்வி தையல்காரம்மாவுக்கு.

"வலப்பக்கம்," என்றார் தையல்காரம்மா மெதுவாக. "அந்த முனையில இடப்பக்கம் சுவருதானே இருக்கு. வலப்பக்கம்தான் திரும்பியாகணும்."

பாம்புக்காதுக்கு உச்சந்தலையிலிருந்து சூடு இறங்கியது. டாக்ஸி ஸ்டாண்டுக்குள் நுழையும் வண்டிகள் எல்லாமே இடப்பக்கம் திரும்பித்தான் நுழையும். கண்ணை மூடிக்கொண்டு கம்பீரமாக நின்றவர், அந்த முனையில் வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று ஒரு வார்த்தை கேட்கவே இல்லை. புதிதாகத் தொழிலுக்கு வந்தவன்கூடக் கேட்டிருப்பான். இது தெரியாமல் ஒருத்தரைத் தெருவோடு இழுத்துப் போக வைத்தாயிற்று.

"நான் போய்ச் சரிபாத்துட்டு வரேன்," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"பாத்துட்டு வாங்க," என்று அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அதுவரைக்கும் நான் இங்கேருந்து எழுந்திருக்க மாட்டேன்."

அவளைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டியிருந்தது. அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரோடு ஒட்டிக்கொண்டு தாண்டினார்.

காரில் ஏறியதும் கண்ணாடிகள் ஏறின. ரேடியோ எப்போதையும்விடக் கூடுதலாக அலறியது. டாக்ஸியைப் பரிசோதனைக்காகப் போலீஸ் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தது. இவர் தன் காரையும் அங்கேதான் எப்போதாவது காட்டுவார்.

"சொல்லு," என்றார் கொஞ்ச தூரம் போனதும். "என்னைப் பத்தி என்ன நினைக்கிற?"

"என்னது? ரேடியோவுல ஒண்ணும் கேக்கல அத்தான்!"

"என்னைப் பத்தி என்ன நினைக்கிறேன்னு கேட்டேன்!" என்று கத்தினார்.

"பாம்புக்காதுல ஒரு காது லீவுல இருந்துச்சுன்னு நினைக்கிறேன்!" என்று அவளும் கத்தினாள். அவர் சிரிக்கவில்லை. அவள் சற்றுத் தணிந்து, "விடுங்க அத்தான். தப்பு எல்லாருக்கும் வரும். இப்பத் தெரிஞ்சதே நல்லது. அந்த அண்ணன் சாயங்காலமே வெளிய வந்துடுவாரு. நிஜமா இடிச்சவனைப் பிடிச்சுட்டா இதையெல்லாம் யாரு ஞாபகம் வெச்சுக்கப்போறா?" என்றாள்.

"அவன் மட்டும் கையில கிடைக்கட்டும்," என்றார் பாம்புக்காது பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒரு பொம்பளையை மழையில ரோட்டுல தள்ளிட்டுத் திரும்பிக்கூடப் பாக்காமப் போயிருக்கானே. அவனையும் அதே மாதிரி நடத்தியே கூட்டிட்டுப் போகணும்."

"அந்த மழையில நாமளும் ரோட்டுலதானே அத்தான் இருந்தோம். கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்திருந்தா கையும் களவுமா மாட்டியிருப்பான்."

"எங்கே? முன்னால போற வண்டியே தெரியாத மழை."

வாலு கேலியை வேறு பக்கம் திருப்பினாள். டாக்ஸிக்காரரின் மனைவி சத்தத்தைக் கேட்டு அடுப்பு பற்ற வைப்பதைச் சொல்லி, அக்காவும் அப்படித்தானே என்றாள். பாம்புக்காதுக்கு அதில் மட்டும் கொஞ்சம் பெருமை உண்டு. அவர் வீட்டுத் தெருவுக்குள் வரும்போதே மனைவி கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள். ஹாரன் அடிக்க வேண்டியதே இல்லை. வழி மேல் விழி வைத்துக் காத்திருக்கிறாள் என்று நண்பர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

"உங்க அக்கா மனசுக்குத் தெரியும்," என்றார். அன்று அவர் முகத்தில் வந்த ஒரே வெளிச்சம் அதுதான்.

ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் பெரிய காலியிடம் இருந்தது. மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். வாய் ஓயாத மனிதர். எந்த வண்டி வந்தாலும் அவருக்கு ஒரே விதி. சொந்தக்காரரைக் கீழே இறக்கி வெளியே நிற்க வைத்துவிட்டுத் தானே ஓட்டுவார்.

"உள்ளே உக்காந்தவன் சொல்றதை நான் நம்பறதில்லை சார். உள்ளே கேக்குற சத்தம் வேற, வெளியே கேக்குறது வேற. அங்க நடுவுல நில்லுங்க. உங்களைச் சுத்தி வட்டம் போடறேன்."

டாக்ஸி இடப்பக்கம் ஒடித்து வட்டமிட்டது. டக் டக் டக் டக். வலப்பக்கம் ஒடித்து வட்டமிட்டது. டயருக்கடியில் சரளைக்கல் நசுங்கும் சத்தம் மட்டும்தான். நிமிர்ந்து நேராகப் போனது. முனகவும் இல்லை, ஒன்றும் இல்லை.

மெக்கானிக் இறங்கினார். "முன் சக்கரத்துக்குப் போற அச்சுல, ரெண்டு பக்கமும் ஒரு மூட்டு இருக்கு. நம்ம முழங்கால் மாதிரின்னு வெச்சுக்கங்க. இதுல வலது மூட்டு தேஞ்சிருக்கு. அதான் இடப்பக்கம் திரும்பினா கத்துது. இடது மூட்டு தேஞ்ச வண்டிதான் வலப்பக்கம் திரும்புறப்போ கத்தும். போலீஸுக்கு இதையே சொல்லிடறேன். இந்த ஆள் இல்ல."

"நிமிரும்போது முனகினா?" என்றார் பாம்புக்காது.

"அது மூட்டு இல்ல, ஸ்டியரிங். ஆயில் குறைஞ்சுபோனா ஒடிச்சு நிமித்துறப்போ முனகும்."

பாம்புக்காதின் தொழில் மூளை விழித்துக்கொண்டது. அப்படியானால் தையல்காரம்மா கேட்டது சரி. இரண்டு நோய், ஒரே வண்டி. அப்படி எத்தனை வண்டி ஊரில் இருக்கப்போகிறது? அவர் மெக்கானிக்கின் தோளைப் பிடித்தார். "ரெண்டும் சேர்ந்து இருக்கிற வண்டி ஏதாவது உங்ககிட்ட வந்திருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வலப்பக்கம் டக் டக், நிமிரும்போது முனகல்."

மெக்கானிக் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"என்ன சார், என்னைச் சோதிக்கிறீங்களா? அது வாசல்ல நிக்குதே."

"வாசல்லயா? யாரு வண்டி?"

"யாரு வண்டியா! உங்க வண்டி சார். போன தடவையே தலையால அடிச்சுக்கிட்டேனே, மூட்டும் போச்சு, ஸ்டியரிங்கும் போச்சுன்னு. ஓடுதில்ல, ஓடட்டும்னு சொன்னீங்க."

வாலு பக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

பாம்புக்காது சாவியை எடுத்து நீட்டினார். "ஓட்டிக் காட்டுங்க."

அவர் நடுவில் நின்றார். தன் கார் தன்னைச் சுற்றி வருவதை வாழ்க்கையில் முதல் தடவையாக வெளியே நின்று பார்த்தார். கண்ணை மூடவில்லை. மூட வேண்டிய அவசியமும் இல்லை. வலப்பக்கம் ஒடித்ததும் அது ஆரம்பித்தது. டக் டக் டக் டக். வளைந்த ஊசி தட்டில் இடிப்பதுபோலவேதான் இருந்தது, தையல்காரம்மா அச்சடித்த மாதிரி சொல்லியிருந்தார். வட்டம் முடிந்து வண்டி நிமிர்ந்தது.

ம்ம்ம்ம்.

யாருக்கோ வலிக்கிற மாதிரிதான் இருந்தது.

"அத்தான்," என்றாள் வாலு. "இந்த மாதிரி வண்டி இன்னொண்ணு இருக்கலாம் இல்ல? ஊர்ல எவ்வளவோ வண்டி ஓடுது. நாம அன்னைக்கு யாரையும் இடிக்கலையே. இடிச்சிருந்தா தெரிஞ்சிருக்காதா?"

"ஆமா," என்றார் அவர் உடனே. "தெரிஞ்சிருக்கும்." அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

மெக்கானிக் காரை நிறுத்திவிட்டு ஷெட்டுக்குள் போனவர், எதையோ தூக்கிக்கொண்டு வந்தார். "இந்தாங்க, இதையும் எடுத்துட்டுப் போயிடுங்க. போன மாசம் டயர் மாத்தினப்போ இங்கேயே விட்டுட்டுப் போயிட்டீங்க. நானும் சொல்லிவிடணும்னு பாக்கறேன், மறந்தே போகுது."

ஜாக்கி.

வாலு அதை வாங்கிக்கொண்டாள். கை கனத்தில் தாழ்ந்தது. அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதைப் பாம்புக்காது பார்த்தார். அவருக்கும் அதே நேரத்தில்தான் ஞாபகம் வந்தது.

மழை. ரேடியோ. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து கிடந்தது. முனையில் வலப்பக்கம் ஒடித்தார், அவசரத்தில் வளைவைக் குறுக்கே வெட்டி ஒடித்தார். பின்பக்கம் 'டொம்' என்றது. "என்ன அத்தான் அது?" என்றாள் வாலு. "ஜாக்கி உருளுது," என்றார் அவர். தன் வண்டியின் சத்தம் தனக்குத் தெரியாதா என்ன! "ஜாக்கி அண்ணன் வணக்கம் சொல்றாரு, நாமளும் ஒரு பாட்டுப் போடுவோம்," என்று வாலு ரேடியோவைக் கூட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே நிமிர்த்திக்கொண்டு போனார்கள்.

அந்தச் சிரிப்பு இப்போது காதுக்குள் கேட்டது.

"இப்பவாவது சரி பண்ணிடலாமா சார்?" மெக்கானிக்குக் கதை ஒன்றும் தெரியாது. "மூட்டை மாத்தி, ஸ்டியரிங்குக்கு ஆயிலும் விட்டுட்டேன்னா சாயங்காலத்துக்குள்ள வெண்ணெய் மாதிரி திரும்பும். அப்புறம் உங்க வீட்டம்மா பாடுதான் கஷ்டம். நீங்க வர்றதே தெரியாது, கேட்டைத் திறக்க மாட்டாங்க. அன்னைக்கு வண்டியை வீட்டுல விட வந்தப்போ என்கிட்டயே சொன்னாங்களே, 'மூணு தெரு தள்ளி வர்றப்பவே கேட்டுடும், நான் எழுந்து போய்த் திறந்துடுவேன்'னு."

அதுவும் போயிற்று. வழி மேல் விழியும் இல்லை, மனசுக்குத் தெரிவதும் இல்லை. ஊருக்கெல்லாம் கேட்ட சத்தம் பாம்புக்காதுக்கு மட்டும்தான் கேட்கவில்லை.

மெக்கானிக் டூல்ஸ் பெட்டியைத் திறந்தார். பாம்புக்காது அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளதைச் சொன்னால், அவர் அந்த நேரத்தில் யோசித்தது நல்லதை அல்ல. டாக்ஸிக்காரர் எப்படியும் வெளியே வந்துவிடுவார், மெக்கானிக் சொன்னால் போதும். சாயங்காலம் இந்த வண்டி சத்தமில்லாமல் போகும். இடித்த வண்டி கிடைக்கவில்லை என்று கேஸ் மூடப்படும். எத்தனை கேஸ் அப்படி மூடவில்லை? நகைக்கடைத் தும்மல் நிலைக்கும், பெயர் நிலைக்கும். ஒரு ஸ்பேனர் திருகும் வேலை.

வாலு ஜாக்கியைக் கீழே வைக்காமல் நின்றாள். ஏதாவது சொல்வாள் என்று பார்த்தார். எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிற பெண், அன்று அவளிடம் ஒன்றும் இல்லை. அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வாள் என்று தெரிந்தது. அதுதான் அவரை இன்னும் வெட்கப்பட வைத்தது.

'நான் முனகலீங்க' என்றார் அந்த அம்மாள். கால் ஒடிந்து, சேற்றில் பல்லுக் கிட்டிக் கிடந்தபோதும் ஒழுங்காகக் கேட்டு, ஒழுங்காகச் சொல்லியிருந்தார். அதை இவர் கனிவாகச் சிரித்துப் பொய்யாக்கினார். காலை உடைத்தது தெரியாமல் செய்தது. காதைப் பொய்யாக்கியது தெரிந்தே செய்தது.

"தொடாதீங்க," என்றார்.

"சார்?"

"ஒரு ஸ்குரூகூடத் தொடாதீங்க. போலீஸுக்கு இப்பவே போன் பண்ணி, டாக்ஸிக்காரர் இல்லேன்னு சொல்லிடுங்க. யாருன்னு கேட்டா, அந்த ஆளே நேர்ல வர்றான்னு சொல்லுங்க."

மெக்கானிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. அவர் பெட்டியை மூடிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

திரும்பிப் போகும்போது நாலு கண்ணாடியும் இறங்கியிருந்தன. ரேடியோ வாய் திறக்கவில்லை. கதவு கிடுகிடுத்தது, பிரேக் கத்தியது, சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பாம்புக்காது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஓட்டினார்.

"நானும்தான் அத்தான் சிரிச்சேன்," என்றாள் வாலு. ஜாக்கி அவள் மடியில் இருந்தது.

"ஓட்டினது நான்."

"ரேடியோவைக் கூட்டினது நான்."



அவர் ஒரு தெரு தள்ளி நிறுத்தவில்லை. அந்த முனை வந்தது. இந்தத் தடவை குறுக்கே வெட்டாமல், நன்றாக முன்னே போய், மெதுவாக வலப்பக்கம் ஒடித்தார். டக் டக் டக் டக். தெரு முழுக்கக் கேட்டது. நிமிர்த்தினார். வண்டி முனகியது. தையல்காரம்மாவின் வாசலுக்கு நேராக நிறுத்தி, இன்ஜினை அணைத்தார்.

படியில் உட்கார்ந்திருந்த டாக்ஸிக்காரரின் மனைவி எழுந்து நின்றிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டு அடுப்பு பற்ற வைக்கிறவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் காரைப் பார்த்தாள், ஓட்டி வந்தவரைப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து தையல்காரம்மாவின் குரல் வந்தது. "தம்பி! இதான்டா! இந்த வண்டிதான்! யாருன்னு பாருடா, விட்டுடாத!"

தம்பி பாய்ந்து வெளியே வந்தார். காரிலிருந்து இறங்கும் ஆளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். காலையில் தெய்வம் என்று பிடித்த கை பாதியில் தொங்கியது.

"நகருப்பா," என்றார் பாம்புக்காது. "அவங்ககிட்டச் சொல்லணும்."

அவர் உள்ளே போய் மாவுக்கட்டுப் போட்ட காலுக்கு முன்னால் நின்றார். தையல்காரம்மா கழுத்தை நீட்டி, அவருக்குப் பின்னால் வாசலைத் தேடிக்கொண்டிருந்தார், பிடிபட்டவன் எங்கே என்று.

"அன்னைக்கு முனகினது நீங்க இல்லம்மா," என்றார் அவர். "என் வண்டி."

அந்த அம்மாளின் கையிலிருந்து பித்தான் விழுந்து மிஷினுக்கடியில் உருண்டது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு, "நான் சரியாத்தான் கேட்டேன்," என்றார், யாரிடமோ சொல்வதுபோல. அவர் கண் நிறைந்துவிட்டது. "வலியில எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"நீங்க சரியாத்தான் கேட்டீங்கம்மா. எனக்குத்தான் கேக்கல."

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து, ஸ்டேஷனுக்குப் போகக் கார்க் கதவைத் திறந்தார். டாக்ஸிக்காரரின் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். அவள் குரல் உயரவில்லை.

"வண்டி இங்கேயே இருக்கட்டும். அவர் நடந்துதான் போனாரு."

பாம்புக்காது கதவைச் சாத்தினார். சாவியைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். அவருக்கு முன்னால் அவள் போனாள். பின்னால் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வாலு வந்தாள். மளிகைக் கடைக்காரர் எடை போடுவதை விட்டுவிட்டு எழுந்து நின்றார். முடிவெட்டும் கடையில் பாதி முகத்தில் சோப்போடு ஒருவர் ஜன்னலுக்கு வந்தார். "இது நம்ம பாம்புக்காது இல்ல? யாரைப் பிடிச்சிருக்காரு?" என்று யாரோ கேட்டது அவர் காதில் தெளிவாக விழுந்தது.

அவர் நின்று, கேட்டவர் பக்கம் திரும்பினார். "என்னைத்தான்," என்றார்.